மலைக்குப் போகும் குழுவுக்கு எந்த வாக்கி டாக்கி?

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் இருக்கும் மூன்று நண்பர் குடும்பங்கள், பிள்ளைகளையும் சேர்த்து 11 பேர், கோடையில் லேக் டாஹோவுக்கு மேற்கே இருக்கும் டெசோலேஷன் வில்டர்னஸில் மூன்று நாள் நடக்கப் போகிறார்கள். எக்கோ லேக்ஸில் தொடங்கி, லேக் அலோஹா, கில்மோர் லேக், டிக்ஸ் கணவாய் வழியாக ஈகிள் ஃபால்ஸில் இறங்கும் திட்டம். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள், பிள்ளைகளோடு வருபவர்கள் பின்தங்குவார்கள் என்பதால் வாக்கி டாக்கி வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 35 மைலை நம்பலாமா? 2 வாட் போதுமா, 5 வாட் வேண்டுமா? எத்தனை வாங்குவது? குளிர்காலத்தில் பனியில் நடக்கவும் அதுவே ஆகுமா? இந்தியாவுக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் (குடும்ப ரேடியோ சேவை) வகையில், 2 வாட் செட், தோள்பட்டையில் மாட்டிக்கொள்ளும்படி செய்தது, எல்லாம் ஒரே மாடலாக ஐந்து வாங்குங்கள். 5 வாட்டுக்காக யோசிக்கும் பணத்தை, போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் ஒரு செயற்கைக்கோள் மெசேஞ்சருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் ரேடியோ கைவிடுவது பெரும்பாலும் வாட் குறைந்ததால் அல்ல. அணைத்துப் பைக்குள் கிடந்ததாலும், சேனல் மாறிப்போனதாலும், நடுவில் ஒரு முகடு நின்றதாலும்தான்.

35 மைல் கணக்கிலிருந்து தொடங்கலாம். அது முழுப் பொய் இல்லை. ஒருவர் உயர்ந்த சிகரத்திலும் மற்றவர் எதிர்ச் சிகரத்திலும் நின்று, நடுவில் வெறும் காற்று மட்டும் இருந்தால் அரை வாட்டுக்கும்கூட அந்தத் தூரம் எட்டும். இந்த ரேடியோக்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அலைநீளம் 65 சென்டிமீட்டர் அளவு. இந்த அலை நேர்கோட்டில் போகும், மலையைச் சுற்றி வளையாது. சமதரையில் நிற்கும் இருவர் ஆண்டெனாவைத் தலை உயரத்தில் பிடித்தால் பூமியின் வளைவே 10 கிலோமீட்டர் சொச்சத்தில் மறைத்துவிடும். நீங்கள் நடக்கப் போவதோ சமதரையும் அல்ல. அடர்ந்த மரங்களுள்ள பள்ளத்தாக்கில் ஒரு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டால் நல்லது. லேக் அலோஹாவைச் சுற்றிய வெட்டவெளிக் கிரானைட் பாறைகளில், ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிற இடமென்றால் பல கிலோமீட்டர் கேட்கும்.

வாட்டைப் பற்றிய கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2 வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால் கிடைக்கும் கூடுதல் 4 டெசிபல் (சிக்னல் வலிமை கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு). திறந்த வெளியில் அது தூரத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகக் கூட்டும். மரங்களுக்கு நடுவில் கால் பங்கு கூடினாலே அதிகம். இன்னொரு பக்கம், உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள பார்வைக்கோட்டை ஒரு பாறை முகடு உரசிக்கொண்டு நின்றாலே 6 டெசிபல் போய்விடும்; அதாவது சிக்னல் கால்வாசியாகிவிடும். முகட்டுக்குப் பின்னால் நன்றாக இறங்கிவிட்டால் இழப்பு 20 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். 4 டெசிபலை வைத்துக்கொண்டு 20 டெசிபல் கடனை அடைக்க முடியாது. பத்து அடி நகர்ந்து நிற்பதும், இடுப்பில் தொங்கும் செட்டைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்கிப் பிடிப்பதும் பல நேரம் அந்த 5 வாட்டைவிட அதிகம் கொடுக்கும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலைவரிசையைக் குடித்துவிடும்.

உங்கள் வழியில் இதற்குச் சரியான உதாரணம் டிக்ஸ் கணவாய். உயரம் சுமார் 2,860 மீட்டர். தெற்கே கில்மோர் லேக் பக்கம் ஒரு குழுவும், வடக்கே இறங்கி டிக்ஸ் லேக் கரையில் இன்னொரு குழுவும் இருந்தால், நேர்த்தூரம் குறைவுதான். ஆனாலும் நடுவில் முழு மலை நிற்கிறது. 5 வாட்டும் தோற்கும். செய்ய வேண்டியது வேறு: முன்னால் போகும் குழு கணவாயின் மேலேயே நின்று பின்வரும் குழுவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே மறுபக்கம் இறங்க வேண்டும். அல்லது நடுவில் நடப்பவர் ஒருவர் கணவாயில் நின்று இரு பக்கச் செய்தியையும் வாய்மொழியாகக் கடத்த வேண்டும். வரைபடத்தை விரித்துவைத்து இப்படிப்பட்ட இடங்களை முன்னதாகவே குறித்துக்கொண்டால் ரேடியோ வாங்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

இனி எந்தச் சேவை என்ற கேள்வி. அமெரிக்காவில் இதற்கு எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வழிகள் பல உண்டு. உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு, எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ். 2017இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு இரண்டுமே ஒரே 22 சேனல்களைப் பகிர்கின்றன. எஃப்ஆர்எஸுக்கு உரிமம் வேண்டாம், ஆண்டெனாவைக் கழற்ற முடியாது. 1 முதல் 7 வரையும் 15 முதல் 22 வரையும் 2 வாட். 8 முதல் 14 வரை அரை வாட் மட்டும். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. "யாரும் இல்லாத சேனல்" என்று 12ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று புலம்புவார்கள். 8 முதல் 14 வரை உள்ளவற்றை முகாமுக்குள் பிள்ளைகள் விளையாட விட்டுவிடுங்கள்.

ஜிஎம்ஆர்எஸுக்கு உரிமம் வேண்டும். தேர்வு கிடையாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 35 டாலர், பத்தாண்டுக்குச் செல்லும். குடியுரிமை தேவையில்லை, வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாதவரை எச்-1பி விசாவில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஒருவர் எடுத்த உரிமத்தில் அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார், மாமியார் மாமனார் எல்லாரும் பேசலாம். நண்பர் பேச முடியாது. ஆகவே உங்களுக்கு மூன்று குடும்பத்துக்கும் தனித்தனியாக, மொத்தம் 105 டாலர். பத்தாண்டுக்கு இது பெரிய தொகை இல்லைதான். பதிலுக்கு 5 வாட் கையடக்க செட், கழற்றி மாற்றக்கூடிய நீள ஆண்டெனா, ரிப்பீட்டர் ஆகியவை கிடைக்கும். ரிப்பீட்டர் என்பது மலையுச்சியில் யாராவது ஒரு தன்னார்வலர் வைத்திருக்கும் மறுஒலிபரப்பி. அதற்கு உரிமையாளரின் அனுமதியும், அதைத் திறக்கும் சரியான டோனும் (பேச்சோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி) வேண்டும், அதன் பார்வையில் நீங்கள் இருக்கவும் வேண்டும். நீங்கள் போகும் பள்ளங்களில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காரோடு காராகப் போகும் பயணம், பண்ணைவீடு, பெரிய முகாம் இவற்றுக்கு ஜிஎம்ஆர்எஸ் அருமையானது. கால்நடையாகப் போகும் 11 பேருக்கு அதன் கூடுதல் எடையும் பேட்டரிச் செலவும் லாபத்தைத் தின்றுவிடும் என்பது என் கணிப்பு.

ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே ஜிஎம்ஆர்எஸ் செட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதே சேனலில் எஃப்ஆர்எஸ் செட்டோடு பேசலாம். விதியும் இடம் தருகிறது. ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். எஃப்ஆர்எஸ் குறுகிய அலைவரிசைப் பட்டையில், 12.5 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஜிஎம்ஆர்எஸ் செட் பலவும் அகன்ற பட்டையில் வைக்கப்பட்டிருக்கும். அப்படியே பேசினால் எஃப்ஆர்எஸ்காரருக்கு உங்கள் குரல் கரகரத்து உடையும். உங்களுக்கு அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிதாகக் கேட்கும். இதை "மட்டமான செட்" என்று தவறாகப் புரிந்துகொள்வார்கள். மெனுவில் பட்டை அகலத்தை 'நேரோ' என்று மாற்றினால் சரியாகிவிடும். உரிமம் வைத்திருப்பவர் பேச்சு முடியும்போதும், நீண்ட பேச்சில் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் உரிமத்தோடு தரப்பட்ட தன் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். குறியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பேச்சு தமிழிலேயே இருக்கலாம்.

வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய செட்களையும் ஒரு முறை பாருங்கள். 14 சேனல் மட்டும் உள்ள பழைய எஃப்ஆர்எஸ் எல்லாம் அரை வாட். அதை வைத்திருப்பவரால் 16ஆம் சேனலுக்கு வரவே முடியாது. கட்டாயம் பயன்படுத்தியாக வேண்டுமென்றால் குழு முழுவதும் 1 முதல் 7க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் அவர் பேசுவது மற்றவர்கள் பேசுவதைவிடக் குறைந்த தூரமே போகும். அவருக்கு நீங்கள் கேட்கும், உங்களுக்கு அவர் கேட்காது என்ற நிலை வரும்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மர்ஸ் என்று ஒன்று உண்டு: 151, 154 மெகாஹெர்ட்ஸில் ஐந்து சேனல், 2 வாட், உரிமம் வேண்டாம், காட்டுக்குள் சற்று நன்றாக ஊடுருவும். ஆனால் அதற்கான செட் கடையில் குறைவு, ஆண்டெனா நீளம். அமெச்சூர் ரேடியோ (ஹாம் ரேடியோ) மிகவும் திறமையானது, ஆனால் பேசும் ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். தொடக்கநிலைத் தேர்வில் 35 கேள்விக்கு 26 சரியாக எழுத வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடமும் ரேடியோ கொடுக்கப்போகும் குழுவுக்கு இது ஒத்துவராது. பாவ்ஃபெங் யூவி-5ஆர் மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பார். அது எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் சேனல்களில் பேசச் சான்று பெறாத செட். அங்கே பேசுவது விதிமீறல். சட்டத்தை விடுங்கள் என்பவருக்கும் ஒரு காரணம் உண்டு: தெரியாமல் ஒரு பொத்தானை அமுக்கினால் சேனல் முறையிலிருந்து அலைவரிசை முறைக்குத் தாவிவிடும். ரேடியோ தெரியாத ஒருவர் அதைத் தானாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எஃப்ஆர்எஸ் செட்களில் இரண்டு தினுசு உண்டு. கடையில் அட்டையில் ஜோடியாகத் தொங்குவது ஒன்று: மோட்டோரோலா, மிட்லாண்ட் போன்றவை, விலை குறைவு, பலவற்றில் ரீசார்ஜ் பேட்டரியை எடுத்துவிட்டு ஏஏ பேட்டரியும் போடலாம். மற்றது மலையேறிகளையும் பனிச்சறுக்குக்காரர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. ராக்கி டாக்கியின் மவுண்டன் ரேடியோ காராபினர் என்ற கொக்கியோடு பையின் தோள்பட்டையில் நேரடியாகத் தொங்கும். பிசிஏ நிறுவனத்தின் பிசி லிங்கில் ரேடியோ பைக்குள் இருக்க, மைக் மட்டும் தோளில் வரும். ஒலியளவும் சேனலும் மைக்கிலேயே மாற்றலாம். இவை ஒன்றுக்கே 100 டாலரைத் தாண்டும். ஐந்துக்குக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும்தான். ஆனாலும் நான் இந்தத் தினுசையே சொல்வேன். காரணம் வாட் இல்லை. அட்டை செட்டுக்கும் மலை செட்டுக்கும் விதி தரும் உச்ச சக்தி ஒன்றே, 2 வாட். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், கையுறையோடு அமுக்கும்படி, ஒலிபெருக்கி காதுப் பக்கம் இருக்கும்படி தொங்குவதால் மூன்றாம் நாளும் அது தோளில் இருக்கும், ஆன் செய்தபடி இருக்கும். அட்டை செட் முதல் நாள் மதியமே பைக்குள் போய்விடும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது சோதிக்க வேண்டியவை: பொத்தான் பூட்டு இருக்கிறதா, அது சேனலைப் பூட்டிவிட்டுப் பேசும் பொத்தானை மட்டும் விட்டுவைக்கிறதா? சில செட்களில் பூட்டு எளிதில் கழன்றுவிடும். ஒலியளவுக் குமிழ் துணியில் உரசினாலே திரும்புமளவு தளர்ந்திருக்கிறதா? தண்ணீர்க் காப்பு குறைந்தது ஐபிஎக்ஸ்4, அதாவது மழைத் தெறிப்பைத் தாங்குவது. ஓடையில் விழும் வாய்ப்பு உண்டென்றால் ஐபி 67, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி 67 செட்டும் நனைந்தால் ஒலிபெருக்கித் துளைகளில் தண்ணீர் நின்று குரல் கொழகொழக்கும். கவிழ்த்து உதறினால் போதும், கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். தனி மைக் உள்ள செட்டில் முதலில் போவது கம்பி செருகும் இடம்தான், அதனால் செருகு திருகி இறுகுகிறதா என்று பாருங்கள். வானிலைச் சேனல் இருந்தால் நல்லது. 162 மெகாஹெர்ட்ஸில் வரும் நோவாவின் (அமெரிக்க அரசு நிறுவனம்) வானிலை அறிவிப்பு பள்ளத்தில் கேட்காமல் போகலாம், முகட்டில் பெரும்பாலும் கேட்கும். சியரா மலைத்தொடரில் மதிய இடிமழை பற்றி முன்னதாகத் தெரிந்துகொள்வது கணவாய் கடக்கும் நாளில் உதவும். 'விஓஎக்ஸ்' என்ற குரலால் இயங்கும் வசதியை அணைத்துவையுங்கள். காற்றும் மூச்சிரைப்பும் அதை இயக்கிவிடும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அதிகம் தொல்லை தருவது: 'பிரைவசி கோடு'. பெட்டியில் 22 சேனல், 121 கோடு, ஆயிரக்கணக்கான சேர்க்கை என்று எழுதியிருப்பார்கள். இதில் அந்தரங்கம் எதுவும் இல்லை. நீங்கள் பேசும்போது காதுக்கு எட்டாத மெல்லிய டோன் ஒன்று சேர்ந்து போகும். கோடு வைத்த செட் அந்த டோன் வந்தால் மட்டுமே ஒலிபெருக்கியைத் திறக்கும். மற்றவர் பேச்சை உங்கள் காதிலிருந்து மறைக்கிறது, அவ்வளவே. கோடு இல்லாமல் அதே சேனலில் இருக்கும் யாரும் உங்கள் பேச்சு முழுவதையும் கேட்கலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், குழுவில் நால்வர் சேனல் 17, கோடு 5 என்று வைத்திருக்க, ஐந்தாமவர் கோடு எண்ணை மறந்து 17 மட்டும் வைத்துவிடுவார். அவருக்கு எல்லார் பேச்சும் அழகாகக் கேட்கும். தான் இணைப்பில் இருப்பதாகவே நினைப்பார். அவர் கூப்பிட்டால் மட்டும் ஒருவருக்கும் கேட்காது. கார் நிறுத்துமிடத்தில் "கேக்குதா?" என்று ஒரு பக்கம் மட்டும் சோதித்தால் இது பிடிபடாது.

இரண்டு நிறுவனச் செட்களைக் கலந்தால் இன்னொரு தலைவலி. முதல் 38 கோடுகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதற்கு மேலுள்ள டிஜிட்டல் கோடுகளின் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். கலந்துதான் ஆக வேண்டுமென்றால் 38க்குள்ளேயே இருங்கள், கையேட்டில் டோனின் ஹெர்ட்ஸ் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கூட்டமில்லாத உட்காட்டில் நான் கோடே வேண்டாம் என்பேன். டோனைக் கண்டுபிடிக்கச் சிக்னல் சற்றுத் தெளிவாக இருக்க வேண்டும். எல்லையில் தேய்ந்துவரும் குரல், கோடு இல்லாத செட்டில் இரைச்சலோடாவது கேட்கும், கோடு உள்ள செட்டில் சுத்தமாக அடங்கிவிடும். யாரோ ஒரு அந்நியர் உதவி கேட்டுக் கூப்பிட்டாலும் காதில் விழும். டாஹோவின் பனிச்சறுக்கு மையங்களுக்கு அருகில் சனி ஞாயிறுகளில் சேனல்கள் சந்தையாக இருக்கும், அங்கே கோடு வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் சேனலையும் தவிருங்கள். பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் பேசுவது அதில்தான்.

புறப்படும் இடத்தில் சோதனை இப்படி நடக்கட்டும். ஐந்து செட்டையும் ஒரே சேனலுக்கும் கோட்டுக்கும் வைத்து, உயர் சக்தியில் வைத்துப் பூட்டுங்கள். வட்டமாக நின்றால் பயனில்லை; ஒருவர் 200 மீட்டர் தள்ளிப் போகட்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட, அவர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் தரட்டும். ஐந்து செட்டும் பேசியும் கேட்டும் முடிந்த பிறகே நடக்கத் தொடங்குங்கள். சேனல் எண், மாற்றுச் சேனல் எண், கோடு, பேசும் நேரம் நான்கையும் ஒட்டுநாடாவில் எழுதி ஒவ்வொரு செட்டின் முதுகிலும் ஒட்டுங்கள். பேட்டரி மாற்றும்போது அமைப்பு அழிந்துபோனால் இது கைகொடுக்கும்.

மாற்றுச் சேனல் ஏன் என்றால், பேசும் பொத்தான் அமுங்கியே மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இடுப்புப்பட்டைப் பைக்குள் இருக்கும் செட் ஒரு பாட்டிலால் அழுத்தப்பட்டால் போதும். சேனல் முழுவதையும் அந்த ஒரு செட் பிடித்துக்கொள்ளும். மற்ற நால்வருக்கும் சரசர என்ற துணிச் சத்தமும் மூச்சும் கேட்கும். பேசிக்கொண்டிருக்கும் செட்டால் கேட்க முடியாது என்பதால், "உன் பொத்தான் அமுங்கியிருக்கு" என்று அவருக்கே சொல்ல வழியில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் சரசரப்பு கேட்டால் மற்றவர்கள் தாமாக மாற்றுச் சேனலுக்குப் போக வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து பேசும் நேரத்தை 60 வினாடியில் துண்டிக்கும் வசதி செட்டில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

11 பேருக்கு ஐந்து என்று ஏன் சொன்னேன்? முன்னால் போகும் குழுவில் ஒன்று, கடைசியில் வருபவரிடம் ஒன்று, நடுவில் ஒன்று, பெரிய பிள்ளைகள் தனியாகக் கூட்டமாக நடந்தால் அவர்களுக்கு ஒன்று, மாற்றாக ஒன்று. எல்லார் கையிலும் ரேடியோ இருந்தால் அரட்டை பெருகி, பேட்டரி தீர்ந்து, அவசரமாகக் கூப்பிடுபவர் குரல் நுழைய இடமிருக்காது. கடைசியில் வருபவர் குழுவில் அனுபவம் உள்ளவராகவும், முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவராகவும் இருக்கட்டும். செயற்கைக்கோள் மெசேஞ்சர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கட்டாயம் ரேடியோவும் இருக்க வேண்டும். விழுந்தவர் ஒரு பக்கம், மெசேஞ்சர் முகட்டுக்கு அந்தப் பக்கம் என்றாகிவிடக் கூடாது.

பேசும் முறை ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பொத்தானை அமுக்கி ஒரு வினாடி பொறுத்துப் பேசுங்கள். உடனே தொடங்கினால் முதல் சொல் விழுங்கப்படும். கூப்பிடப்படுபவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு: "செல்வி, செல்வி, இங்க குமார்." பேசி முடித்தபின் அரை வினாடி கழித்து விரலை எடுங்கள். தமிழில் பேசும்போது இந்தக் கடைசி அரை வினாடி முக்கியம், ஏனென்றால் மறுப்பு நமக்குச் சொற்றொடரின் வாலில் வருகிறது. "ஓடையத் தாண்ட வேண்டாம்" என்பதில் வால் அறுந்தால் "ஓடையத் தாண்ட..." என்றுதான் போய்ச் சேரும். தடுக்க வேண்டிய இடத்தில் "நில்லு, நில்லு, அங்கேயே இரு" என்று நேராகச் சொல்லி, கேட்டவரை அதைத் திருப்பிச் சொல்ல வைத்துவிடுங்கள். மணிக்கொரு முறை, மணி அடித்ததும் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் நின்று பேசுவது என்று வைத்துக்கொண்டால், சிக்னல் கிடைக்காதவர் அந்த நேரத்துக்குள் சற்று உயரமான இடத்துக்குப் போய் முயல்வார். இரண்டு முறை தொடர்ந்து ஒருவர் வரவில்லை என்றால் முன்னால் இருப்பவர்கள் நின்றுவிட வேண்டும்.

பேட்டரிக் கணக்கில் விளம்பர எண்கள் பொதுவாக 5 சதவீத நேரம் பேசுவது, 5 சதவீதம் கேட்பது, மீதி 90 சும்மா இருப்பது என்று வைத்துப் போடப்பட்டவை. பேசும்போது ஆகும் மின்சாரம் சும்மா இருக்கும்போது ஆவதைப்போல் பல மடங்கு. மூன்று நாளைக்கு நல்ல லித்தியம் அயான் செட் தாங்கும், இரவில் அணைத்துவைத்தால். யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். தனித் தொட்டில் வேண்டும் என்ற செட்டைக் காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஏஏ போடுவதென்றால் சாதாரண ஆல்கலைன் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ எடை குறைவு, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்.

குளிர்காலத்துக்கு இதே செட் ஆகும், பழக்கம்தான் மாற வேண்டும். லித்தியம் அயான் குளிரில் தற்காலிகமாகக் கொள்ளளவை இழக்கும். காலையில் முழுதாக இருந்தது பேச அமுக்கியதும் அணைந்துபோகும். இரவு தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள், செல் நிரந்தரமாகக் கெடும். கதகதப்பான பிறகு ஏற்றுங்கள். மைக் துளையில் மூச்சின் ஈரம் உறைந்து குரல் மங்கினால் விரலால் தேய்த்து எடுங்கள், வாயால் ஊதினால் இன்னும் உறையும். பனிச்சரிவு அபாயமுள்ள சாய்வுகளில் போவதென்றால் ஆளுக்கொன்று வேண்டும், ஏனென்றால் அங்கே ஒருவர் ஒருவராகத்தான் கடப்பார்கள். எல்லாரும் அணிந்திருக்கும் பனிச்சரிவு பீக்கன், அதாவது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. ரேடியோ, போன் போன்ற மின்கருவிகள் அதைக் குழப்பும். நடக்கும்போது பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்பின் நடுவில் பீக்கன் என்றால் ரேடியோ தோள்பட்டையின் மேல்பக்கம் போகட்டும். கொலராடோவின் டெலுரைட் போன்ற சில இடங்களில், சரிவுக்கு மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளப் பகுதிக்கொரு பொதுச் சேனல் என்று உள்ளூரார் ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறார்கள். போகும் இடத்தில் அப்படி உண்டா என்று பனிச்சரிவு மையத்தின் பக்கத்திலோ மலையேற்றக் கடையிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்புக்கு எஃப்ஆர்எஸை நம்ப வேண்டாம். அந்தச் சேனல்களை எந்த மீட்புக்குழுவும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கலிஃபோர்னியாவில் தேடல், மீட்பு எல்லாம் மாவட்ட ஷெரிஃபின் பொறுப்பு. அவர்களை எட்டுவது 911 அழைப்பு, செயற்கைக்கோள் மெசேஞ்சர், அல்லது ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் உள்ள செயற்கைக்கோள் அவசர அழைப்பு போன்றவை வழியாகத்தான்.

கடைசிக் கேள்வி, ஊருக்கு எடுத்துப் போவது. எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் உரிமமின்றி வாக்கி டாக்கி பேச விடப்பட்டிருக்கும் பட்டை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க எஃப்ஆர்எஸ் 462இலும் 467இலும் பேசுகிறது, அங்கே அது சட்டவிரோதம். கொடைக்கானலிலோ மூணாறிலோ நடக்க வேண்டுமென்றால் அங்கேயே 446 பட்டைச் செட் வாங்குங்கள், வாங்கும்போது இடிஏ (கருவி வகைக்கு அரசு தரும் ஒப்புதல்) சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். சான்றில்லாத செட்களை இணையக் கடைகள் விற்றதை எதிர்த்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு விதிகளே வெளியிட்டது. அந்தச் செட்டை இங்கே திருப்பிக் கொண்டுவந்து பேசவும் முடியாது. அமெரிக்காவில் 446 அமெச்சூர்காரர்களின் பட்டை. செயற்கைக்கோள் மெசேஞ்சர் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய பொருள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்ததற்காக விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். டாஹோவிலிருந்து திரும்பியதும் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஊருக்கான பையைக் கட்டுங்கள்.